நல்லா இருந்துச்சும்மா

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த பெண்களில் நான்கு பேர் பிற்பாடு சட்டக் கல்லூரிக்குப் போனார்கள். நான்கு பேருமே அவரவர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அவர்கள் போனதில் எனக்குப் பங்குண்டு. ஒருத்திக்கு விண்ணப்பத்தை நிரப்பித் தந்தேன். இன்னொருத்தியின் அப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பேசினேன். "வக்கீலுக்குப் படிச்ச பொண்ண எவன் கட்டுவான்?" என்ற ஒரே கேள்வியை அவர் பதினைந்து விதமாகக் கேட்டார். தமிழ் படித்தவள் அடுத்து பி.எட். படிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத விதி. அதை மீறச் சொன்னவள் நான். அவர்கள் அங்கே என்ன பட்டார்கள், என்ன பெற்றார்கள் என்று தெரிந்துகொள்ளும் கடமையும் எனக்குத்தான். இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் முன் நான்கு பேரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். சட்டக் கல்லூரி எப்படி இருந்தது?

நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நல்லா இருந்துச்சும்மா."

எனக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் தாய்வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் "அங்க எப்படிடி இருக்கு?" என்று கேட்டால் வருகிற பதில் இதுதான். அது பொய் என்று சொல்லிவிட முடியாது. கேட்கிற இடத்தில்தான் சிக்கல். நம்மை அங்கே அனுப்பி வைத்தவர்களிடமே அந்த இடத்தைப் பற்றிக் குறை சொல்வது எப்படி? கடன் வாங்கி, கால் கடுக்க நடந்து, நாலு பேரிடம் கெஞ்சி அனுப்பியவர்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடியது ஒரு 'நல்லா இருக்கு'. என் மாணவிகள் எனக்கு அதைத் தந்தார்கள். நான் வாங்கிக்கொண்டு எழுந்துவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நால்வரில் மூத்தவள் இப்போது ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறாள். மறுபடி பேசியபோது அவள் ஒரு வகுப்பைப் பற்றிச் சொன்னாள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு அவளைத் தாக்குவது குற்றம் என்கிற பிரிவு. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழக்கு, பஞ்சாப் அரசுக்கும் மேஜர் சிங் என்பவனுக்கும் இடையிலானது. ஏழரை மாதப் பெண் குழந்தையை ஒருவன் அந்தரங்க உறுப்பில் காயப்படுத்தினான். அது 354இன் கீழ் வருமா என்பது கேள்வி. பஞ்சாப் உயர் நீதிமன்றம் வராது என்றது. மானம் என்கிற உணர்வே இன்னும் தோன்றாத குழந்தைக்கு மானபங்கம் எப்படி நேரும் என்பது வாதம். உச்ச நீதிமன்றம் 1966இல் அதை மாற்றியது. பெண்ணின் மானம் என்பது அவள் பெண்ணாக இருப்பதிலேயே இருக்கிறது, பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு அது உண்டு என்ற கருத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் தண்டித்தார்கள். தலைமை நீதிபதி மாறுபட்டார்.

"சார் நல்லாத்தாம்மா நடத்துனாரு," என்றாள். "ரெண்டு பக்க வாதத்தையும் போர்டுல எழுதிப் போட்டாரு. பசங்கள்ல ஒருத்தன் எழுந்து உயர் நீதிமன்றம் சொன்னதுதான் லாஜிக்கலா சரின்னு பேசுனான். சார் 'குட் பாயின்ட்'னாரு. நாங்க பொண்ணுங்க பதினெட்டுப் பேரு. நோட்டுல எழுதிட்டே இருந்தோம். யாருமே நிமிரல. எனக்கு அன்னைக்கு அக்கா பொண்ணுக்கு எட்டு மாசம்."

பிறகு அது ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்தது. அவள் எழுதினாள். ஐந்துக்கு நான்கு.

அந்த நான்கு மதிப்பெண்ணைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அவள் சரியான பதிலை எழுதினாள். தீர்ப்பும் குழந்தையின் பக்கம்தான். அப்படியிருக்க, பதினெட்டுப் பெண்களும் ஏன் நிமிரவில்லை? அவர்களுக்குச் சொல்ல இருந்தது தீர்ப்பைப் பற்றியது அல்ல, கேள்வியைப் பற்றியது. ஒரு குழந்தையின் உடம்பில் காயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அதற்கு மானம் இருக்கிறதா என்று ஏன் தேட வேண்டும்? சட்டம் படிக்க வந்த பெண் முதலில் கற்றுக்கொள்வது, கேட்கப்பட்ட கேள்விக்குள்ளேயே நின்று பதில் சொல்ல. கேள்வியைக் கேள்வி கேட்டால் மதிப்பெண் இல்லை.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. ஆங்கிலச் சட்டத்தில் உள்ள சொல்லுக்கு நாம் மானம் என்று போட்டுவிட்டோம். குறளில் மானம் என்றொரு அதிகாரம் இருக்கிறது. பொருட்பாலில், குடியியலில் வருகிறது. அந்தப் பத்துப் பாட்டில் எங்கும் அது பெண்ணுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டதல்ல. மனிதர் எவரும் தாழாமல் நிற்கிற நிலை. அதைக் கொண்டுபோய்ப் பெண்ணின் உடம்பில் ஒட்டி, பிறகு அதற்குப் பங்கம் நேர்ந்ததா என்று விசாரிக்கிறோம். வன்முறைக்குக் 'கற்பழிப்பு' என்று பெயர் வைத்துப் பல பத்தாண்டுகள் அச்சடித்துக்கொண்டிருந்த மொழி நம்முடையது. அந்தப் பெயரின்படி அழிந்தது அவளுடையது, அழித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்திருக்கிறது. 354 இப்போது 74ஆம் பிரிவு. எண் மாறியது, அந்தச் சொல் மாறவில்லை. மனைவி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவள் என்றால் கணவன் செய்வது வல்லுறவு ஆகாது என்கிற விதிவிலக்கும் அப்படியே குடியேறிவிட்டது.

இரண்டாமவள் சொன்னது மொழியைப் பற்றியதுதான், ஆனால் வேறு மாதிரி. அவள் படிப்பை முடித்துப் பதிவு செய்துகொண்ட பிறகு முதன்முதலாகத் தன் கையால் எழுதிய மனு அவள் அம்மாவுக்கானது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ். இருபத்திரண்டு வருஷம் சமையலறையில் வைத்து அம்மா அவளிடம் சொன்னவற்றையெல்லாம் தேதி வாரியாக அடுக்கி, மனுதாரர் இன்ன நாளில் எதிர்மனுதாரரால் தாக்கப்பட்டார் என்று எழுதி முடித்து, அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது யாருக்கோ நடந்த மாதிரி இருக்கே பாப்பா."

தன்மையில் இருந்ததைப் படர்க்கையில் மாற்றுவது என்று இதை நான் வகுப்பில் இலக்கணமாகச் சொல்லித் தருகிறேன். 'நான்' என்று ஒருத்தி அழுதால் கேட்காத நீதிமன்றம் 'மனுதாரர்' என்றால் கேட்கிறது. கேட்கவும் செய்தது. அம்மாவுக்கு அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை ஆணையாகக் கிடைத்தது. அதனால் அந்தப் படர்க்கையை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டக் கல்லூரி அவளுக்குத் தந்த மிகப் பெரிய பொருள் அதுதான் என்று அவளே சொன்னாள். என்ன இழந்தாள் என்று கேட்டதற்கு, அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து பேசும்போது இப்போதெல்லாம் தேதி கேட்கிறேன் என்றாள்.

மூன்றாமவள் என்னைக் கடிந்துகொண்டாள். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "நீங்க எல்லாத்துலயும் நோவைத் தேடுறீங்கம்மா," என்றாள். அவளுக்கு ஒப்பந்தச் சட்டம் பிடித்திருந்தது. ஒரு வாக்கு எப்போது ஒப்பந்தமாகிறது, எப்போது வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது என்பதைப் படித்தபோது சின்ன வயதிலிருந்து தன்னைச் சுற்றி நடந்த கொடுக்கல் வாங்கல்கள் எல்லாம் கண்ணாடி போட்டுப் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தன என்றாள். மூட் கோர்ட்டைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே ஏறியது. "ஒரு ஆம்பள பேசிட்டு இருக்கும்போது நடுவுல எழுந்து நின்னு அப்ஜெக்‌ஷன்னு சொல்லலாம்மா. சொன்னா அவன் நிறுத்தணும். அப்படி ஒரு இடம் ஒலகத்துல இருக்குன்னே எனக்கு இருபது வயசு வரைக்கும் தெரியாது." தமிழாசிரியை எழுதும் கட்டுரையில் கண்ணகி வராமல் போவாளா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்; அவளை இழுத்து வந்தவளும் இவள்தான். கண்ணகி அழுததால் ஜெயிக்கவில்லை, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று காட்டித்தான் ஜெயித்தாள், அரசியின் சிலம்பில் முத்து. அது சாட்சியச் சட்டம், நீங்கள் எங்களுக்கு அதைக் காப்பியமாக மட்டும் நடத்தினீர்கள் என்றாள். பதினேழு வருஷமாக வழக்குரை காதையை நடத்துகிறேன். எனக்கு வாய் வரவில்லை.

எனவே நான்காமவள். இந்தக் கட்டுரை அவளைப் பற்றியதுதான். அல்லது என்னைப் பற்றியது.

அவள் சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், நவம்பர் மாதம், இரவு பத்தரை மணிக்கு மேல் என்னை அழைத்தாள். விடுதி மொட்டைமாடியில் இருந்து பேசினாள். ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். வகுப்பில் அவள் உடையைப் பற்றி ஏதாவது சொல்லிப் பையன்களைச் சிரிக்க வைப்பாராம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனால் ஊர் எது, தெரு எது என்று கேட்பாராம். தெரு எது என்று கேட்பதன் பொருள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்னதும் அவர் பார்வை மாறியது என்றாள். பிறகு கையெழுத்துக்காக இரண்டு முறை, ஒருவரும் இல்லாத நேரத்தில், வரச் சொல்லியிருக்கிறார். அவள் போகவில்லை. ரெக்கார்டு கையெழுத்தாகாமல் கிடந்தது.

அப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கல்லூரிகளில் உள்ளக் குழு இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானே எங்கள் கல்லூரிக் குழுவில் உறுப்பினர். இவ்வளவும் தெரிந்த நான் அவளிடம் சொன்னது இது: "பல்லைக் கடிச்சிட்டுப் படிப்பை முடி. பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறம் பார்த்துக்கலாம். துணைக்கு ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கு."

அவள் முடித்தாள். இப்போது ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்து, தனியாக அலுவலகம் போடும் அளவுக்கு வந்துவிட்டாள். 'நல்லா இருந்துச்சும்மா' என்று அவளும் சொன்ன பிறகு, நான் மெதுவாக அந்த ஆசிரியரின் பேச்சை எடுத்தேன். அந்த நவம்பர் இரவை நினைவுபடுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நான் அப்படியாம்மா சொன்னேன்? அவரு நல்ல மனுஷன்மா. கொஞ்சம் பழைய டைப்பு, அவ்ளோதான். எனக்கு சீனியரைப் பிடிச்சுக் கொடுத்ததே அவருதான்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, பெரிதாக ஒன்றும் இல்லை, நான் சொன்னது தப்பாகப் போகவில்லை. அந்த நிம்மதிதான் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை.

ஒரே பெண். முதல் வருஷத்தில் ஒரு சாட்சியம், படித்து முடித்த பிறகு இன்னொரு சாட்சியம். இதில் எதை நம்புவது? பிந்தையதை என்பதுதான் வழக்கமான பதில். வளர்ந்தவள், விவரம் தெரிந்தவள், பதற்றம் அடங்கியவள். படித்து முடித்தவர்களிடம்தானே எந்தப் படிப்பைப் பற்றியும் கருத்துக் கேட்கிறோம்? ஆனால் அந்தப் படிப்பு அவளை வெறுமனே கடந்து போகவில்லை. எதைக் குற்றம் என்பது, எதைப் 'பழைய டைப்பு' என்பது, எது புகார், எது புலம்பல் என்று பிரித்துப் பார்க்கிற அறிவையே அங்கேதான் வாங்கினாள். அந்த இடத்தை அளக்கிற கோலையும் அந்த இடமே செய்து தந்திருக்கிறது. முதல் வருஷத்துப் பெண்ணிடம் இருந்தது வீட்டிலிருந்து கொண்டுவந்த கோல்.

அமெரிக்காவில் லானி குவினியர் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர், இரண்டு பேரோடு சேர்ந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார். 1994இல் வெளியானது. 'கனவான்களாக ஆதல்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர் யேல் சட்டப் பள்ளியில் மாணவியாக இருந்தபோது ஒரு பேராசிரியர் வகுப்பைக் 'கனவான்களே' என்றுதான் விளித்தாராம். பெண்களும் தங்களைக் கனவான்களாக எண்ணிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆய்வில், ஆண்களுக்கு நிகரான தகுதியோடு உள்ளே வந்த பெண்கள் மதிப்பெண்ணில் பின்தங்கிப் போனார்கள், வகுப்பில் குறைவாகப் பேசினார்கள் என்று தெரிந்தது. என்னை உலுக்கியது அது அல்ல. முதலாண்டுப் பெண்கள் சட்டக் கல்வியைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் முதலாண்டு ஆண்களைவிடக் கடுமையான விமரிசனம் வைத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டுப் பெண்களோ தங்கள் வகுப்பு ஆண்களைவிடவும் குறைவாக விமரிசித்தார்கள். வேறு கண்டம், வேறு பணம், வேறு மொழி. என் மாணவியின் இரண்டு குரல்களையும் யாரோ அட்டவணை போட்டது போலிருந்தது.

அவர்கள் மூன்று வருஷத்தில் ஞானம் பெற்றார்கள் என்று ஒருவர் வாதிடலாம். முதல் வருஷத்துக் கோபத்தில் பாதி அறியாமை, ஆங்கிலம் புரியாத பயம், வீட்டு நினைவு. அதில் உண்மை இருக்கிறது. என் மூன்றாம் மாணவி அப்படித்தான் வாதிடுவாள், ஜெயிக்கவும் செய்வாள். ஆனால் 'தெரு எது' என்ற கேள்வியைப் புரிந்துகொள்ளச் சட்ட அறிவு வேண்டியதில்லை. அதை மறப்பதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சியின் முதல் பாடத்தை நடத்தியவள் நான். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றேன். அந்த 'அப்புறம்' எங்கே இருந்தது? பட்டம் வாங்கியதும் பதிவுக் கட்டணத்துக்கு ஓட வேண்டியிருந்தது. சட்டத்தில் ரூ.750 என்றிருக்க, பார் கவுன்சில்கள் பல ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில்தான் அதை நிறுத்தியது. அவள் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பிறகு ஜூனியர் வேலை. மாதம் பஸ் செலவுக்குக் காணாத காசு. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் 2024இல்தான். இந்த ஓட்டத்தில், சீனியரைப் பிடித்துக் கொடுத்த மனிதரைப் பற்றிப் புகார் சொல்ல எந்த நாள் ஒதுக்கப்பட்டிருந்தது?

இங்கேதான் நன்றி வந்து குறுக்கே நிற்கிறது. 'குறை சொன்னா நன்றி கெட்டவளா ஆயிடுவேனேம்மா' என்று இரண்டாமவள் ஒருமுறை சொன்னாள். செய்ந்நன்றியறிதலை ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். எனக்கு அந்தச் சொல் சுட்டது. கொர்னேலியா சொராப்ஜி 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். சிறப்பு அனுமதி பெற்று எழுதிய முதல் பெண். பட்டம் கையில் வர 1922 ஆயிற்று. முப்பது வருஷம். பெண்கள் வழக்கறிஞர்களாவதைத் தடுக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1923இல். அத்தனை வருஷம் வாசலில் நிற்க வைத்த பேரரசுக்கு அவர் கடைசிவரை விசுவாசமாக இருந்தார், காந்தியின் இயக்கத்தை எதிர்த்தார். அதற்கு நன்றிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாமதமாகத் திறந்த கதவுக்கு நாம் கூடுதலாகக் கும்பிடு போடுகிறோம்.

என் மாணவிகள் யாருக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்? அடகுக்குப் போன தோட்டுக்கு. இலவசப் பேருந்து அட்டைக்கு. இட ஒதுக்கீட்டுக்கு, அதற்காகத் தெருவில் நின்றவர்களுக்கு. கையெழுத்துப் போட வேண்டிய ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டவருக்கு எதற்கு?

ஆசிரியர்கள் எல்லோரும் அப்படி என்று எழுதினால் அது அநியாயம். மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியை 1972இல் காவல் நிலையத்துக்குள் வைத்துக் காவலர்கள் சிதைத்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவள் உடம்பில் காயமில்லை, எதிர்த்ததற்குத் தடயமில்லை என்பது காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய நால்வர் உபேந்திர பக்‌ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார். நால்வருமே சட்டம் கற்பித்தவர்கள். பணிந்துபோவது வேறு, சம்மதம் வேறு என்று எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. என் மூத்த மாணவியிடம் இதைப் படித்தாயா என்று கேட்டேன். "திருத்தம் படிச்சோம்மா. தீர்ப்பு கைடுல இருந்துச்சு. கடிதம் இல்ல."

நான்காமவளை மறுபடி அழைத்தேன். அவளுடைய ஞாபகத்தைத் திருத்த அல்ல, அது அவளுடையது. அவரோடு தினம் ஒரே வளாகத்தில் புழங்க வேண்டியவள் அவள், நான் இல்லை. அன்று நான் சொன்னது தப்பு என்பதை மட்டும் சொன்னேன். முதலாண்டில் நீ சொன்னதை நான் முழுசாக நம்பினேன், நம்பிவிட்டும் அப்படிச் சொன்னேன், அதுதான் தப்பு என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். பின்னால் நீதிமன்ற வளாகத்தின் சத்தம், யாரோ யாரையோ வாய்தா கேட்டுக் கூப்பிடுகிற குரல். "கோர்ட்டுக்கு நேரமாச்சும்மா, அப்புறம் கூப்பிடுறேன்," என்று வைத்துவிட்டாள். அந்த 'அப்புறம்' எனக்கு வேண்டியதுதான்.

இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு குறுஞ்செய்தி வந்தது. "அந்த மாடில தண்ணி டேங்க் பக்கத்துல நின்னுதான் பேசினேன். பச்சை சுடிதார் போட்டிருந்தேன்." அவ்வளவுதான். நான் ஒன்றும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவி ஒருத்தி சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், என்ன சான்றிதழெல்லாம் கேட்பார்கள் என்று துறைக்கு வந்தாள். சொன்னேன். போகும்போது கதவருகே நின்று, "அங்க எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். நல்லா இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. நான்கு பேரையும் கேட்டுக்கொண்டு அவர்களுடைய எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மூன்றாமவள்தான் முதலில் அழைத்தாள். "யாரும்மா அந்தப் பொண்ணு, ராத்திரி ரெண்டு மணி நேரம் பேசுறா? அவளுக்கு இப்பவே குறுக்கு விசாரணை வருது." நான்காமவளிடம் பேசினாளா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பேசினாளாம். என்ன சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் விட்டுவிட்டேன்.